டீயை விட்டுவிடாதீர்கள்: பெங்கால்ஸ் 2025 ஆஃப்சீசனுக்கு என் திட்டம்

ஆற்றங்கரை · மார்ச் 1, 2025

என்எஃப்எல் என்ற அமெரிக்கக் கால்பந்து லீகில், போன சீசனில் 17 ஆட்டத்தில் 472 புள்ளி எடுத்த நம் சின்சினாட்டி பெங்கால்ஸ் பிளேஆஃப் (கோப்பைக்கான கடைசிச் சுற்றுகள்) போகவில்லை. ஜனவரியிலிருந்து தினமும் ஒரு தடவை இதை எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன், இன்னும் செரிக்கவில்லை.

குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஜோ பரோ 4,918 யார்டு, 43 டச்டவுன். பந்தைப் பிடிக்கும் ரிசீவர் ஜமார் சேஸ் 127 கேட்ச், 1,708 யார்டு, 17 டச்டவுன். மூன்றிலும் லீகிலேயே முதல் ஆள். தற்காப்பில் ட்ரே ஹெண்ட்ரிக்சன் 17.5 சாக் (எதிரணி குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு கீழே தள்ளுவது), அதிலும் முதலிடம். இத்தனை முதலிடத்தையும் வீட்டில் வைத்துக்கொண்டு 9 வெற்றி, 8 தோல்வி. 33 புள்ளியும் அதற்கு மேலும் எடுத்து நான்கு ஆட்டம் தோற்றிருக்கிறோம்: வாஷிங்டனிடம் 38-33, பால்டிமோரிடம் 41-38, மறுபடி பால்டிமோரிடம் 35-34, பிட்ஸ்பர்க்கிடம் 44-38. நாம் கொடுத்த மொத்தம் 434. கடைசி ஐந்து ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டு, மறுநாள் டென்வர் தோற்கவேண்டும் என்று டிவி முன்னால் உட்கார்ந்தால், கன்சாஸ் சிட்டி இரண்டாம் வரிசை ஆட்களை இறக்கி 38-0 என்று விட்டுக்கொடுத்தது.

தற்காப்புக் கோச் லூ அனருமோவை அனுப்பியாகிவிட்டது. நோட்டர் டேமிலிருந்து ஆல் கோல்டன் வந்திருக்கிறார். 2020, 2021இல் இங்கேயே லைன்பேக்கர் (தற்காப்பின் இரண்டாம் வரிசை) கோச்சாக இருந்தவர்தான், ஊர் தெரியும். ஆனால் கோச் மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை. இனி ஆள் பிடிக்கும் கதைக்கு வருவோம்.

இந்த வருஷத்துக்கான கேப் (ஓர் அணியின் மொத்தச் சம்பள வரம்பு) 279.2 மில்லியன் டாலர் என்று லீக் அறிவித்துவிட்டது. நம் கையில் எவ்வளவு என்பதற்கு ஒவ்வொரு தளமும் ஒரு எண் சொல்கிறது; 50 மில்லியனைச் சுற்றி என்று வைத்துக்கொள்கிறேன். அலெக்ஸ் காப்பாவை விடுவித்தால் 8 மில்லியன், ஷெல்டன் ரேங்கின்ஸை விடுவித்தால் இன்னும் ஒன்பதரை. சாம் ஹபர்டிடம் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம். உள்ளூர்ப் பையன், ஒத்துக்கொள்வார். ஜீனோ ஸ்டோனிடமும் அதே பேச்சு.

முதல் செலவு நம் இன்னொரு ரிசீவர் டீ ஹிக்கின்ஸ். செவ்வாய்க்கிழமை மாலைக்குள் டேக் போடவேண்டும். இரண்டாவது தடவை டேக் என்பதால் போன வருஷத் தொகையைவிட 20 சதவீதம் கூட, அதாவது 26.2 மில்லியன். ஆனால் அதோடு நிறுத்தக்கூடாது. டேக் போட்டால் அந்த 26.2ம் இந்த ஒரு வருஷக் கணக்கிலேயே விழும். நான்கு வருஷ ஒப்பந்தம் போட்டால் முதல் வருஷச் சுமை குறையும், ஆளும் நிம்மதியாக விளையாடுவார். போன சீசனில் 12 ஆட்டம்தான் ஆடினார், உண்மை. அந்த 12இல் 73 கேட்ச், 911 யார்டு, 10 டச்டவுன். டென்வருக்கு எதிராக 11 கேட்ச், மூன்று டச்டவுன், ஓவர்டைமில் ஆட்டத்தை முடித்த கேட்சும் அவருடையதுதான். காலையில் டீ இல்லாமல் நமக்கு ஓடாது, பரோவுக்கும் அப்படித்தான்.

இரண்டாவது, சேஸ். வருஷத்துக்கு 37, 38 மில்லியனில் முடிக்கலாம் என்பது என் கணிப்பு.

மூன்றாவது, ஹெண்ட்ரிக்சன். ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி, கிட்டத்தட்ட 16 மில்லியன். அவருடைய தரத்துக்கு அது அடிமாட்டு விலை. இரண்டு வருஷம் நீட்டி, ஆண்டுக்கு 30 கொடுங்கள். இரண்டு சீசனில் 35 சாக் எடுத்தவரை அனுப்பிவிட்டு யாரை வைத்து எதிரணி குவார்ட்டர்பேக்கைத் துரத்துவது?

மீதிக்குச் சில்லறைச் செலவு. பி.ஜே. ஹில், மைக் கெசிக்கி இருவரையும் திரும்ப எடுக்கவேண்டும். வலது கார்டு (பரோவைக் காக்கும் முன்வரிசை ஆள்) இடத்துக்கு கெவின் ஸைட்லர். 2012இல் நாமே முதல் சுற்றில் எடுத்தவர், ஒரு வருஷ ஒப்பந்தத்துக்கு வருவார். சேஃப்டி (தற்காப்பின் கடைசி வரிசை) இடத்துக்கு கன்சாஸ் சிட்டியின் ஜஸ்டின் ரீட். டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுப்பது) நமக்கு ஆறு பிக்: 17, 49, 81, 119, 153, 193. 17இல் கார்டுக்கு டைலர் புக்கர் அல்லது கிரே ஸேபெல், இருவரில் யார் மிச்சமோ அவர். 49இல் லைன்பேக்கர், ஏனென்றால் நம் லைன்பேக்கர் ஜெர்மெய்ன் ப்ராட் வேறு டிரேட் (இன்னொரு அணிக்கு மாற்றம்) கேட்டிருக்கிறார். 81இல் நோட்டர் டேமின் சேவியர் வாட்ஸ். கோல்டன் தன் கையால் வளர்த்த சேஃப்டி. சிஸ்டத்தைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, கிழியுங்கள்.

---

காவல் வரிசை · மார்ச் 1

கார்டுக்கு 17ஐச் செலவழிக்கத் தயாராக இருக்கும் ஒரு ஜீவனையாவது இந்தக் குழுவில் பார்த்துவிட்டேன். இனி நிம்மதி.

சும்மா சொல்லவில்லை. 2020 நவம்பரில் வாஷிங்டனில் பரோவின் முழங்கால் போனது. அடுத்த சீசனில் 51 சாக், பிளேஆஃபில் இன்னும் 19. டென்னசியில் ஒரே ஆட்டத்தில் ஒன்பது தடவை அவரைக் கீழே தள்ளினார்கள், அப்படியும் 19-16 என்று ஜெயித்தோம். சூப்பர் பௌலில் ஏழு. அதன் கடைசி முயற்சியில் லாஸ் ஏஞ்சலஸின் ஆரன் டோனல்ட் உள்பக்கமாக நுழைந்து பரோவைச் சுழற்றிப்போட்டபோது பந்து எங்கோ போய் விழுந்தது. 23-20. போன சீசனிலும் 48 சாக். நாம் இன்னும் மூன்றாவது ரிசீவர் யார் என்று விவாதிக்கிறோம்.

ஒரு திருத்தம்: ஸைட்லரோடு நிறுத்தாதீர்கள். அவருக்கு இந்த மாதம் 35 வயதாகிறது. இடது கார்டு கார்டெல் வோல்சன் மேல் எனக்கு நம்பிக்கையே இல்லை. சென்டர் டெட் காராஸுக்கும் இது ஒப்பந்தத்தின் கடைசி வருஷம். ஓரத்தில் ஆர்லாண்டோ பிரவுனும் அமேரியஸ் மிம்ஸும் சுவர் மாதிரி நிற்கிறார்கள், நடுவில் வாசல் திறந்து கிடக்கிறது.

---

மஞ்சள் துண்டு · மார்ச் 1

பிட்ஸ்பர்க் 44-38. 🙂

---

ஆற்றங்கரை · மார்ச் 1

ஜனவரி 4, உங்கள் ஊரிலேயே, 19-17. அதற்கு அடுத்த வாரம் பால்டிமோரில் 28-14 என்று தோற்றீர்கள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்த் தூங்குங்கள் சார்.

---

புதுவரவு · மார்ச் 1

மன்னிக்கவும், போன வருஷம்தான் பார்க்க ஆரம்பித்தேன். இந்த டேக் என்றால் என்ன? ஆளை வைத்துக்கொள்ள அணி நினைத்தால் போதுமா, அவர் சம்மதம் வேண்டாமா?

---

பழைய புலி · மார்ச் 1

தம்பி, ஒப்பந்தம் முடிந்த ஒரே ஒரு ஆட்டக்காரரை மட்டும் அணி ஒரு வருஷத்துக்குப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். அந்த இடத்தில் ஆடும் பெரிய சம்பளக்காரர்களை வைத்து லீக் ஒரு தொகை நிர்ணயிக்கும், அதைக் கொடுத்துவிட வேண்டும். அவருக்குப் பிடிக்காவிட்டால் கையெழுத்துப் போடாமல் வீட்டில் இருக்கலாம், ஆனால் நினைத்த இடத்துக்குப் போகமுடியாது. பெண் பார்க்க வந்தவர்கள் தட்டை மாற்றிக்கொள்ளாமல், வேறு எங்கும் பேசக்கூடாது என்று ஒரு வருஷம் நிறுத்தி வைப்பது மாதிரி. ஹிக்கின்ஸுக்குப் போன வருஷமும் இதையேதான் செய்தார்கள்.

---

கணக்குப்பிள்ளை · மார்ச் 2

அண்ணா, திட்டம் நன்றாக இருக்கிறது. எண்களில்தான் எனக்குச் சண்டை.

சேஸை 37க்கு முடிக்கலாம் என்பது போன கோடைக் கனவு. அப்போது ஜஸ்டின் ஜெஃபர்சனின் 35 மில்லியன்தான் உச்சம். சேஸ் பயிற்சிக்கு வராமல் ஓரமாக நின்றுகொண்டிருந்தார், நம் அலுவலகம் பேரம் பேசிக்கொண்டே இருந்தது, சீசனும் தொடங்கிவிட்டது. அதற்கப்புறம் அவர் மூன்றிலும் முதலிடம் வாங்கியாகிவிட்டது. இனி 40க்குக் கீழே பேனாவைத் தொடமாட்டார். காத்திருந்ததற்கு வட்டி வருஷத்துக்கு நான்கைந்து மில்லியன் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

40 கொடுத்தாலும் முடியுமா என்றால், முடியும். கேப் என்பது நாம் பயப்படுகிற அளவுக்குக் கறாரான கணக்கு இல்லை. கையெழுத்துப் போடும்போது ஒரு பெரிய தொகையை போனஸாகக் கொடுத்தால், பணம் ஆட்டக்காரர் கைக்கு உடனே போய்விடும். கணக்கில் மட்டும் ஐந்து வருஷம் வரை சமமாகப் பிரித்து எழுதலாம். 30 மில்லியன் கொடுத்தால் வருஷத்துக்கு 6. வீட்டுச் சாமானைத் தவணையில் வாங்குவது மாதிரிதான், ஒரே வித்தியாசம், கடைக்காரருக்கு முழுப் பணமும் முதல் நாளே போய்ச் சேர்ந்துவிடும். ஆளை நடுவில் விடுவித்தால் பாக்கித் தவணை மொத்தமும் ஒரேயடியாகத் தலையில் விழும். பிலடெல்பியா இதே வித்தையை வைத்துத்தான் போன மாதம் கோப்பையைத் தூக்கியது.

நம் வீட்டில் சிக்கல் கேப்பில் இல்லை, ரொக்கத்தில் இருக்கிறது. வரும் வருஷங்களுக்கு உத்தரவாதம் கொடுத்தால் அந்தப் பணத்தை முன்கூட்டியே தனிக் கணக்கில் ஒதுக்கி வைக்கவேண்டும் என்று லீகில் ஒரு பழைய விதி இருக்கிறது. வேறு பெரிய தொழில் உள்ள முதலாளிகளுக்கு அது பொருட்டே இல்லை. நம் முதலாளிகளான பிரவுன் குடும்பத்துக்கு இந்த அணிதான் தொழில். அதனால் முதல் வருஷத்தைத் தாண்டி உத்தரவாதம் கொடுப்பதென்றால் அவர்களுக்குக் கை நடுங்கும். பரோவுக்கு மட்டும்தான் விதிவிலக்கு: 275 மில்லியனில் 219 உத்தரவாதம். 2023இல் ஜெஸ்ஸி பேட்ஸ் அட்லாண்டாவுக்குப் போனதற்கும், 2024இல் டி.ஜே. ரீடர் டெட்ராய்ட்டுக்குப் போனதற்கும் பின்னால் இந்தக் கை நடுக்கமும் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். இவர்கள் போனபிறகு தற்காப்பின் நடுவும் பின்புறமும் என்ன ஆனது என்று பார்த்தோமே.

ஹிக்கின்ஸுக்கு இரண்டாவது வருஷ உத்தரவாதம் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். கொடுத்தால் உங்கள் திட்டம் நடக்கும். இல்லாவிட்டால் இது வெறும் காகிதம்.

---

பழைய புலி · மார்ச் 2

நான் ஒரு கசப்பு மருந்து தருகிறேன். ஹெண்ட்ரிக்சனை விற்றுவிடுங்கள்.

எனக்கு அவரைப் பிடிக்காமல் இல்லை. 2021இல் நியூ ஆர்லியன்ஸிலிருந்து நான்கு வருஷம் 60 மில்லியனுக்கு வந்தபோது "ஒரு வருஷ அதிர்ஷ்டக்காரன்" என்று நானே சொன்னேன், அதை வாபஸ் வாங்கி நாளாயிற்று. ஆனால் டிசம்பரில் 30 ஆகிவிட்டது. அந்த இடத்தில் 30க்கு மேல் ஒவ்வொரு வருஷமும் லாட்டரி. இப்போது விற்றால் ஒரு இரண்டாம் சுற்று பிக்காவது கிடைக்கும். ஆறு பிக்கை வைத்து இந்தத் தற்காப்பைக் கட்டமுடியாது.

இதைவிடப் பெரிய ஆத்திரம் ஒன்று இருக்கிறது. ஆற்றங்கரை, நீங்கள் காசைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். டிராஃப்டைப் பாருங்கள். 2022 முதல் மூன்று பிக்: டாக்ஸ் ஹில், கேம் டெய்லர்-பிரிட், ஸாக் கார்ட்டர். 2023: மைல்ஸ் மர்ஃபி, டி.ஜே. டர்னர், ஜோர்டன் பேட்டில். ஆறு பேரும் தற்காப்பு ஆட்கள். ஒருவராவது எதிரணி ராத்தூக்கத்தைக் கெடுத்தாரா? மர்ஃபி முதல் சுற்று ஆள், போன சீசனில் எத்தனை சாக் தெரியுமா? பூஜ்ஜியம். கார்ட்டர் இப்போது அணியிலேயே இல்லை. விதை நெல்லே பதராகிப் போனால் மூட்டை கணக்குப் பார்த்து என்ன பயன்?

அக்டோபர் 6, பால்டிமோர் ஆட்டத்துக்குப் போயிருந்தேன். மேல்தட்டு, என் மகனும் கூட. 38-28 என்று முன்னால் இருந்தோம். அதையும் கோட்டை விட்டு ஓவர்டைம் போய், அங்கே அவர்கள் குவார்ட்டர்பேக் லாமர் ஜாக்சன் கைக்கு வந்த பந்தைத் தவறவிட, பந்து நம்மிடம் வந்தது. அரங்கமே எழுந்து நின்றது. மூன்று தடவை சேஸ் பிரவுனை ஓடவிட்டு மூன்றே யார்டு. சரி, 53 யார்டு கிக். பந்தைப் பிடித்து நிறுத்துபவர் சரியாக வைக்கவில்லை, மக்ஃபெர்சனின் கிக் வெளியே போனது. "அப்பா, இன்னும் முடியலையே" என்றான் பையன். அவன் சொல்லி வாயை மூடுவதற்குள் பால்டிமோரின் டெரிக் ஹென்றி இடது பக்கமோ வலது பக்கமோ, எனக்கு மறைத்துவிட்டது, எல்லாரும் எழுந்து நின்றதால், 51 யார்டு ஓடிவிட்டார். அந்த ஓட்டத்தில் அவர் மேல் ஒழுங்காக ஒரு கை விழவில்லை. ஹெண்ட்ரிக்சன் அன்றைக்கும் களத்தில் இருந்தார்தானே?

---

ஆற்றங்கரை · மார்ச் 2

புலி சார், அந்த 51 யார்டுக்கு ஹெண்ட்ரிக்சன் என்ன செய்வார்? நடு வரிசையும் லைன்பேக்கரும் சேஃப்டியும் செய்யவேண்டிய வேலை அது. அணியின் மொத்த சாக்கில் ஏறக்குறைய பாதி அவர் ஒருவருடையது. அவரை எடுத்துவிட்டால் எதிரணி குவார்ட்டர்பேக் நாற்காலி போட்டு உட்கார்ந்து பந்து எறிவார். பதிலுக்கு வரும் இரண்டாம் சுற்று பிக்கை யார் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள்? நீங்கள் மேலே வரிசை போட்டீர்களே, அந்த ஆறு பேரையும் எடுத்த அதே அறை. உங்கள் வாதமே என் பக்கம்தான் வாதாடுகிறது.

டிராஃப்ட் அறையை நம்பமுடியாது என்றால், கையில் இருக்கும் நிச்சயமான ஆளைக் காசு கொடுத்து வைத்துக்கொள்வதுதானே புத்தி? என் முழுத் திட்டமும் அந்த ஒரு நினைப்பில்தான் நிற்கிறது. ஹிக்கின்ஸை விட்டால் 2026இல் ஈட்டுப் பிக் (ஆளை இழந்ததற்கு லீக் தரும் டிராஃப்ட் இடம்) ஒன்று வரும், 100ஐ ஒட்டி. 100ஆவது இடத்தில் இன்னொரு ஹிக்கின்ஸ் இருக்கிறாரா?

---

பழைய புலி · மார்ச் 2

பேச்சில் ஜெயித்துவிட்டீர்கள். 31 வயதில் அவர் தொடை பிடித்துக்கொண்டு உட்காரும்போது இந்த இழையைத் தோண்டி எடுப்பேன்.

---

புதுவரவு · மார்ச் 3

டேக் போட்டுவிட்டார்கள்! ஹிக்கின்ஸ்!

---

கணக்குப்பிள்ளை · மார்ச் 3

தட்டு மாற்றவில்லை இன்னும். பொறுங்கள்.

---

ஆற்றங்கரை · மார்ச் 5

ஹபர்ட் ஓய்வு பெறுகிறாராம். வயது 29. நான் நான்கு நாள் முன்னால் "சம்பளத்தைக் குறைக்கச் சொல்லலாம், ஒத்துக்கொள்வார்" என்று எழுதியதை இப்போது படித்தால் வெட்கமாக இருக்கிறது. கேப்பில் இடம் கிடைக்கிறது என்று இன்னொரு தளத்தில் ஒருவர் கைதட்டிக்கொண்டிருக்கிறார், நான் அங்கே பதில் எழுதாமல் இங்கே வந்துவிட்டேன்.

2023 ஜனவரி 15. நான்காவது கால், 17-17. பால்டிமோர் நம் கோட்டுக்கு ஒரு யார்டு தூரத்தில். டைலர் ஹன்ட்லி குவியலுக்கு மேலே தாவிப் பந்தைக் கையோடு நீட்டினார். லோகன் வில்சன் அதைத் தட்டிவிட்டார். அது தரையில் விழாமல் நேராக ஹபர்ட் கையில் போய் உட்கார்ந்தது. 98 யார்டு. மார்க் ஆண்ட்ரூஸ் பின்னாலேயே துரத்திக்கொண்டு வருகிறார், ஹபர்டோ ஓட்டக்காரர் இல்லை, 265 பவுண்டு உடம்பு. பாதி வழியில் கால் கனக்க ஆரம்பித்தது டிவியிலேயே தெரிந்தது. மொயெல்லர் பள்ளியில் படித்த பையன், சொந்த ஊர் அரங்கத்தில், சொந்த ஊர்க்காரர்கள் முன்னால். என் மனைவிக்கு இந்த விளையாட்டில் ஒரு விதியும் தெரியாது. அவளும் "ஓடு ஓடு" என்று கத்தினாள்.

போன டிசம்பரில் டென்னசியில் அவரை டச்டவுன் கேட்ச் பிடிக்க அனுப்பினார்கள், பிடித்தார். அதே ஆட்டத்தில் முழங்காலும் போனது.

---

காவல் வரிசை · மார்ச் 5

அந்த ஓட்டத்தை நான் மாதம் ஒரு தடவையாவது பார்ப்பேன். ஆண்ட்ரூஸ் பிடித்துவிடுவாரோ என்று இன்னமும் பயம்.

---

பழைய புலி · மார்ச் 6

ஹெண்ட்ரிக்சனுக்கு டிரேட் தேடிக்கொள்ள அனுமதி கொடுத்திருக்கிறார்கள். நான் எதுவும் சொல்லவில்லை.

---

ஆற்றங்கரை · மார்ச் 6

சொல்லாமலே சொல்லிவிட்டீர்கள். நேற்றுத்தான் அதே இடத்தில் ஆடும் லாஸ் வேகாஸின் மேக்ஸ் கிராஸ்பிக்கு ஆண்டுக்கு 35.5 மில்லியன் என்று செய்தி வந்தது. நான் 30 என்று எழுதிய மை காயவில்லை. சேஸ் கதையேதான் மறுபடியும்: நாம் யோசித்து முடிப்பதற்குள் அடுத்த ஊரில் விலை ஏறிவிடுகிறது.

---

கணக்குப்பிள்ளை · மார்ச் 17

நேற்று இரவு நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன், பின்னால் யாராவது நம்பமாட்டேன் என்பார்கள்.

சேஸ்: நான்கு வருஷம், 161 மில்லியன். ஆண்டுக்கு 40.25. குவார்ட்டர்பேக் அல்லாதவர்களில் லீகிலேயே உச்சம். ஒரு வாரம் முன்னால் மைல்ஸ் காரெட் வாங்கிய 40ஐத் தாண்டிவிட்டார். ஆற்றங்கரை அண்ணா 37 சொன்னார், நான் 40க்குக் கீழே இல்லை என்றேன். காபி கடன்.

ஹிக்கின்ஸ்: நான்கு வருஷம், 115 மில்லியன். முதல் இரண்டு வருஷம் உத்தரவாதம். ஆமாம், இரண்டு வருஷம். கை நடுங்காமல் போட்டிருக்கிறார்கள்.

காப்பா, ரேங்கின்ஸ் வெளியே. பி.ஜே. ஹில், கெசிக்கி திரும்ப உள்ளே. இதுவரை திட்டம் அச்சாக நடந்திருக்கிறது. அப்புறம் ஸைட்லர் டென்னசிக்குப் போய்விட்டார், ஒரு வருஷம் 9 மில்லியன். ஜஸ்டின் ரீட் நியூ ஆர்லியன்ஸுக்கு. நாம் எடுத்த கார்டு லூக்கஸ் பேட்ரிக்.

---

காவல் வரிசை · மார்ச் 17

சேஸுக்கும் ஹிக்கின்ஸுக்கும் சேர்த்து 276 மில்லியன். பரோ முன்னால் நின்று காக்க லூக்கஸ் பேட்ரிக். மாளிகை கட்டிக் கதவுக்குச் சாக்குத் தொங்கவிட்டிருக்கிறோம்.

---

ஆற்றங்கரை · மார்ச் 17

காபி வாங்கித் தருகிறேன். சந்தோஷமாக வாங்கித் தருகிறேன். இந்த ஊரில் இரண்டு பெரிய ரிசீவர்களையும் ஒரே ராத்திரியில் வைத்துக்கொண்டார்கள் என்று யாராவது ஜனவரியில் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். பரோ வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டிருந்தார், அது வேலை செய்திருக்கிறது. ஹெண்ட்ரிக்சன் பாக்கி. கார்டு பாக்கி. 17இல் ஸேபெலோ புக்கரோ வந்துவிட்டால் காவல் வரிசை சொன்ன சாக்குத் துணியை எடுத்துவிடலாம்.

---

ஆற்றங்கரை · ஏப்ரல் 25

புக்கர் 12இல் டாலஸுக்கு. சரி, எதிர்பார்த்ததுதான். 17 வந்தபோது ஸேபெல் அப்படியே இருந்தார். நான் நாற்காலி நுனியில்.

ஷெமார் ஸ்டூவர்ட், டெக்சஸ் ஏ அண்ட் எம், எட்ஜ் (ஓரத்திலிருந்து குவார்ட்டர்பேக்கைத் துரத்துபவர்).

18இல் சியாட்டில் ஸேபெலை எடுத்தது. ஒரே ஒரு இடம். அவர்கள் நமக்காகவே காத்திருந்த மாதிரி.

---

பழைய புலி · ஏப்ரல் 25

ஆறடி ஐந்தங்குலம், 267 பவுண்டு, 40 யார்டை 4.59 நொடியில் ஓடுகிறார். காட்சிக்கு ஐயனார் கோயில் குதிரை மாதிரி இருக்கிறார். மூன்று வருஷக் கல்லூரி ஆட்டத்தில் மொத்தம் எத்தனை சாக்? நாலரை. மர்ஃபியை எடுத்தபோதும் இதே பேச்சுதான்: உடம்பைப் பார், வேகத்தைப் பார், மீதியை நாங்கள் சொல்லிக்கொடுத்துக்கொள்கிறோம்.

இன்னொன்று. நமக்குச் சேஃப்டி வேண்டும் என்று ஊருக்கே தெரியும். ஜார்ஜியாவின் மலாக்கி ஸ்டார்க்ஸ் 27 வரைக்கும் இறங்கி வந்தார். எடுத்தது யார் என்று தெரியுமா? பால்டிமோர். வருஷத்துக்கு இரண்டு தடவை பார்த்துக்கொள்ளலாம்.

---

கணக்குப்பிள்ளை · ஏப்ரல் 25

எதிர்த்தரப்பு வக்கீலாக ஒரு வார்த்தை. எட்ஜை எடுத்திருக்கிறார்கள் என்றால் ஹெண்ட்ரிக்சன் பேச்சில் அவர்களுக்கு இது ஒரு சீட்டு. "நீ போனாலும் ஆள் இருக்கிறது" என்று சொல்ல. அந்தச் சீட்டை ஹெண்ட்ரிக்சன் நம்புவாரா என்பது வேறு.

---

ஆற்றங்கரை · ஏப்ரல் 25

நாலரை சாக்கைக் காட்டி பதினேழரைக்காரரை மிரட்டுவதா?

---

புதுவரவு · ஏப்ரல் 26

49: டிமெட்ரியஸ் நைட், சவுத் கரோலினா, லைன்பேக்கர். அண்ணா, நீங்கள் 49இல் லைன்பேக்கர் என்றுதானே எழுதியிருந்தீர்கள்? 81: டிலன் ஃபேர்சைல்டு, ஜார்ஜியா, கார்டு.

---

ஆற்றங்கரை · ஏப்ரல் 26

49 என் திட்டப்படியே. 81இல் வாட்ஸ் இருந்தார் தம்பி. கோல்டனின் சொந்த ஆள், கைக்கெட்டும் தூரத்தில். 82, 83 என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தேன், டிரேட் செய்து மேலே வருவார்களோ என்று ஒரு நப்பாசை. 96இல் அட்லாண்டா எடுத்தது. அங்கே யார் பக்கத்தில் நிற்கப்போகிறார் என்று யோசித்துப் பாருங்கள். ஜெஸ்ஸி பேட்ஸ்.

---

காவல் வரிசை · ஏப்ரல் 26

ஃபேர்சைல்டு கல்லூரியில் ஆடியது இடது கார்டு. வோல்சன் இடம்.

எனக்குக் கிடைத்தாகிவிட்டது. நான் தூங்கப் போகிறேன், சேஃப்டிக்காரர்கள் அழுதுகொண்டிருங்கள்.